கட்டங்களுக்கு நடுவே நடப்பது: ஸ்காட் மெக்ளவுடின் ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ நூல் மதிப்புரை

காமிக்ஸைப் பற்றிய இந்த நூலை எழுதியவர் என்று சொல்வதா, வரைந்தவர் என்று சொல்வதா என்ற தயக்கம் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்ளவுட் 1993இல் வெளியிட்ட ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ 200 பக்கங்களுக்கு மேல் நீளும் ஒரு கோட்பாட்டு நூல். ஆனால் அதன் வாதம் முழுவதும் கட்டங்களுக்குள்ளும் பேச்சுக் குமிழ்களுக்குள்ளுமே நடக்கிறது. கட்டம்போட்ட கோட்டு, மார்பில் மின்னல் வரைந்த சட்டை, கண்களை முற்றிலும் மறைக்கும் வெள்ளைக் கண்ணாடி ஆகியவற்றோடு ஆசிரியரே ஒரு கேலிச்சித்திர உருவமாக வந்து நின்று, 9 அத்தியாயங்களிலும் நம்மிடம் பேசிக்கொண்டே போகிறார். காமிக்ஸை உரைநடையில் விளக்கும் நூல்கள் சிலவற்றை வாசித்திருக்கிறேன். அவற்றில் விளக்கம் ஒரு பக்கமும் எடுத்துக்காட்டு மறுபக்கமுமாகக் கிடக்கும். இங்கே விளக்கமே எடுத்துக்காட்டாகவும் இருப்பதால், ஒரு கருத்தைப் புரிந்துகொள்ளும் கணத்திலேயே அது தன் மீது வேலை செய்துகொண்டிருப்பதையும் வாசகர் உணர்ந்துவிடுகிறார்.

இந்த நூலை நான் இரண்டு முறை வாங்கினேன். முதலில் கைக்கணினியில் வாசிக்கும் மின்பதிப்பாகவும், பிறகு தாளில் அச்சான பிரதியாகவும் வாங்கியதற்கு, பணம் மிஞ்சியது காரணமல்ல. மின்பதிப்பில் வாசித்தபோது நூலின் ஒரு பாதி எனக்குக் கிடைக்கவே இல்லை என்பது மூன்றாம் அத்தியாயத்தைக் கடக்கும்போதுதான் தெரிந்தது. அந்தக் குறைக்கும் நூல் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதால் அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் அத்தியாயம் காமிக்ஸ் என்றால் என்ன என்ற இலக்கணத்தை வகுக்க முயல்கிறது. முன்னோடி ஓவியர் வில் ஐஸ்னர் கையாண்ட ‘தொடர் கலை’ என்ற சொல்லிலிருந்து மெக்ளவுட் தொடங்குகிறார். ஒரு மேடையில் நின்று இலக்கணத்தைச் சொல்ல, அரங்கில் அமர்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஆட்சேபிக்க, அவர் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துக்கொண்டே போகிறார். நடுவில் ஒருவர் எழுந்து பேட்மேன் இதில் வரவேண்டாமா என்று கேட்கிறார். இறுதியில் நிற்கும் இலக்கணத்தின் சாரம், பக்கத்தில் பக்கமாக, வேண்டுமென்றே ஒரு வரிசையில் வைக்கப்பட்ட படங்களே காமிக்ஸ் என்பது. இதில் தாள், மை, முகமூடி வீரன், நகைச்சுவை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த இலக்கணத்தை ஏற்றால், 11ஆம் நூற்றாண்டின் நார்மன் படையெடுப்பைச் சுமார் 70 மீட்டர் நீளத் துணியில் பூவேலையாகச் சொல்லும் பேயூ திரைச்சீலையும், ஸ்பானியர் வருகைக்கு முந்தைய மெக்சிக்கோவின் மடிப்புச் சுவடியும், எகிப்தியக் கல்லறை ஓவியமும் காமிக்ஸின் மூதாதையர் ஆகிவிடுகின்றன. மெக்ளவுட் அவற்றையெல்லாம் தன் கோட்டுச் சித்திரமாகவே மீண்டும் வரைந்து காட்டுகிறார்.

அந்த வரிசையில் இந்தியாவின் சுவரோவியங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. திருவாரூர் தியாகராஜ சுவாமி கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இந்தக் குறை உறுத்தவே செய்யும். முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து தியாகராஜரைப் பெற்றுவந்த கதை அங்கே விதானத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது. ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் எழுத்து உண்டு. ஒரே மன்னன் ஒரே பட்டையில் மறுபடியும் மறுபடியும் வருகிறான். அவனுக்குக் குரங்கு முகம் என்பதால், எத்தனை பேர் நிற்கும் கூட்டத்திலும் கண் அவனை உடனே பிடித்துக்கொண்டு அடுத்த காட்சிக்குத் தாவுகிறது. மெக்ளவுட் வகுத்த இலக்கணம் அந்த விதானத்துக்கு ஒரு சொல்லும் மாற்றாமல் பொருந்துகிறது என்பது, அவர் அதை அறியாமல் விட்டதையும் மீறி, இலக்கணத்தின் வலிமையையே காட்டுகிறது.

அதே இலக்கணம் வேறொரு இடத்தில் இடறுகிறது. ஒற்றைப் படம் வரிசை ஆகாது என்பதால், ஒரே கட்டத்தில் முடியும் கேலிச்சித்திரங்களை மெக்ளவுட் காமிக்ஸுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார். விகடனில் கோபுலுவையும் மதனையும் பார்த்து வளர்ந்த எவரும் இதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் கணவன், உள்ளே உடைந்து கிடக்கும் பாத்திரம், இரண்டுக்கும் நடுவே இடுப்பில் கைவைத்த மனைவி என்று ஒரு நகைச்சுவைப் படம் இருந்தால், அதில் வரையப்படாத முந்தைய நிமிடத்தையும் அடுத்த நிமிடத்தையும் நாம்தான் மனத்தில் வரைந்துகொள்கிறோம். பின்னால் மூன்றாம் அத்தியாயத்தில் மெக்ளவுடே சொல்லப்போகும் வாதத்தை வைத்துப் பார்த்தால், ஒற்றைப் படமும் உள்ளே சேர்ந்துவிடும். இலக்கணத்தை முதலில் வைத்து இயக்கத்தை அப்புறம் வைத்ததால் நேர்ந்த முரண் இது என்று எனக்குப் படுகிறது.

இரண்டாம் அத்தியாயம் முகத்தைப் பற்றியது. ஒரு மனிதனின் புகைப்படத்தில் தொடங்கி, விவரங்களை ஒவ்வொன்றாக உதிர்த்து, கடைசியில் ஒரு வட்டம், இரண்டு புள்ளிகள், ஒரு கோடு என்ற அளவுக்கு வந்து நிற்கும் முகங்களின் வரிசையைக் காட்டி, எதுவரை இதை முகம் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்கிறார். மின்சார பிளக் துளைகளிலும் காரின் முன்பக்கத்திலும்கூட முகத்தையே பார்க்கும் கண்கள் நம்முடையவை. விவரம் குறையக் குறைய அந்த முகம் குறிப்பிட்ட ஒருவருடையதாக இல்லாமல் யாருடையதாகவும் ஆகிறது; இறுதியில் வாசிப்பவரின் முகமாகவே ஆகிவிடுகிறது என்பது அவருடைய வாதம். இதை நிறுவ அவர் செய்யும் காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: ஒரே ஒரு கட்டத்தில் தன்னை நுணுக்கமான நிழல்களோடு, நிஜ மனிதனைப் போல வரைந்துகொண்டு, இப்படி வந்திருந்தால் நான் சொல்வதைக் கேட்டிருப்பீர்களா என்கிறார். அந்தக் கட்டத்தில் அவர் சட்டென்று அந்நியராகிவிடுகிறார். வாக்கியத்தின் பொருளை விட்டுவிட்டு அவருடைய தாடையையும் தலைமுடியையும் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

பெல்ஜியக் காமிக்ஸ் நாயகனான டின்டினின் முகத்தில் ஏன் இரண்டு புள்ளிகளும் ஒரு சிறு மூக்கும் மட்டும் இருக்கின்றன, ஆனால் அவன் ஏறும் கப்பலும் நடக்கும் தெருவும் ஏன் அளவெடுத்தாற்போல வரையப்பட்டிருக்கின்றன என்ற கேள்விக்கும் இங்கே விடை கிடைக்கிறது. எளிய முகத்துக்குள் வாசகன் புகுந்துகொள்கிறான்; நுணுக்கமான பின்னணி அவனுக்குப் பார்ப்பதற்கான உலகமாகிறது. கேட்க அழகான கொள்கைதான். ஆனால் இதை நான் முழுவதும் நம்பவில்லை. தமிழ்க் காமிக்ஸில் நாங்கள் வாசித்த இரும்புக்கை மாயாவியோ, ஜேம்ஸ் பாண்டோ, கௌபாய் வீரர்களோ ஒருவர்கூட எளிய முகம் கொண்டவர் இல்லை. தாடை எலும்பு, புருவ நிழல், நெற்றிச் சுருக்கம்வரை அத்தனையும் வரையப்பட்ட முகங்கள் அவை. அந்த முகங்களுக்குள் புகுந்துகொள்ள என் வயதுச் சிறுவர்களுக்கு எந்தத் தடையும் இருந்ததாக நினைவில்லை.

நூலின் உயிர் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடப்படும் வெற்று இடைவெளியைப் பற்றிய அத்தியாயம் அது. ஒரு பக்கத்தில் இரண்டே படங்களை வைத்து மெக்ளவுட் தன் வாதத்தை நிறுவுகிறார். முதல் கட்டத்தில் ஒருவன் கோடாரியை ஓங்குகிறான். எதிரில் இருப்பவன் அலறியபடி பின்வாங்குகிறான். இரண்டாம் கட்டத்தில் இரவு வானத்தின் கீழே நகரத்துக் கட்டடங்கள். அவற்றுக்கு மேலே ஓர் அலறல் மட்டும் எழுத்தாக நிற்கிறது. கோடாரி இறங்குவது எங்கும் வரையப்படவில்லை. ஓங்கியதை வரைந்தது நான், இறக்கியது நீங்கள், எவ்வளவு வேகமாக, எந்த இடத்தில் என்று முடிவு செய்ததும் நீங்கள்தான் என்று வாசகரையே குற்றத்தில் கூட்டாளியாக்குகிறார். சினிமாவிலும் இரண்டு காட்சிகளுக்கு நடுவே வெட்டு உண்டு. ஆனால் அது நம்மைக் கேட்காமல் தன் வேகத்தில் கடந்துவிடுகிறது. காமிக்ஸில் அந்த வெற்று இடைவெளி தாளில் அகலமாகக் கண்ணெதிரே கிடக்கிறது. வாசிப்பவர் தாண்டினால்தான் கதை நகரும்.

இந்தப் பக்கத்தை ஆறாம் வகுப்பில் படிக்கும் என் அக்கா மகளிடம் காட்டி, என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கோடாரி கை நழுவி அவன் கால் மேலேயே விழுந்திருக்கும் மாமா. கத்தினது கோடாரிக்காரன்தான்” என்றாள். படத்தில் அதை மறுக்க எதுவும் இல்லை. நான் இத்தனை ஆண்டுகளாக அந்த இடத்தில் ஒரு கொலையை நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் ஒரு நகைச்சுவையை நடத்தினாள். மெக்ளவுட் சொல்வதை நிரூபிக்க அவரே கொடுத்த சான்றைவிட இது எனக்குப் பெரிய சான்றாகத் தெரிந்தது. ஆனால் அதே சமயம் ஒரு சந்தேகமும் வந்தது: முன்னும் பின்னும் கதை இல்லாத இரண்டே கட்டங்களில்தான் இவ்வளவு சுதந்திரம் கிடைக்கும். ஒரு முழுக் கதையின் நடுவே, கோடாரிக்காரன் யார், ஏன் வந்தான் என்பதெல்லாம் தெரிந்த பிறகு, அந்த இடைவெளி அப்படித் திறந்து கிடப்பதில்லை.

இடைவெளியை நிரப்பும் வேலை கட்டத்துக்கு உள்ளேயும் நடக்கிறது என்பதை அதே அத்தியாயத்தில் ஒரு சிறு குறும்போடு சொல்கிறார். இடுப்புவரை மட்டும் வரையப்பட்ட தன் உருவத்தைக் காட்டி, எனக்குக் கால்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டீர்கள், ஆனால் இங்கே கால்களே இல்லை என்கிறார். இதை வாசித்தபோது எனக்கு இரும்புக்கை மாயாவிதான் நினைவுக்கு வந்தார். பிரிட்டனில் 1962இல் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கி, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்த அந்தக் கதையின் நாயகன், மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரிய உலவுகிறான். ஓவியர் வரைவது அந்தரத்தில் மிதக்கும் ஒரு கையை மட்டும்தான். கை எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை வைத்து அவன் குனிகிறானா, ஓடுகிறானா, சுவரோடு ஒட்டி நிற்கிறானா என்பதையெல்லாம் வாசகன் தானாகவே உருவாக்கிக்கொள்கிறான். வெறும் தாளில் ஓர் ஆளை நிற்கவைத்த அந்த வித்தைக்கு 30 ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் கோட்பாடு எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு அவர் கட்டத்திலிருந்து கட்டத்துக்குத் தாவும் விதங்களை ஆறாகப் பிரிக்கிறார். கண் இமைப்பது போன்ற நொடிப் பொழுது மாற்றம், ஒரு செயலிலிருந்து அடுத்த செயல், ஒரே காட்சிக்குள் ஓர் ஆளிலிருந்து இன்னோர் ஆள், காலமும் இடமும் தாண்டிய காட்சி மாற்றம், நேரம் நகராமல் ஒரே இடத்தின் பல கோணங்கள், கடைசியாக ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத தாவல். இத்தோடு நிற்காமல், அமெரிக்க முகமூடி வீரர் கதைகளின் ஓவியர் ஜாக் கிர்பி வரைந்த ஒரு கதையின் கட்டங்களை எண்ணிப் பார்த்து, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செயலிலிருந்து செயலுக்கான தாவல் என்று பட்டை வரைபடம் போட்டுக் காட்டுகிறார். பிற அமெரிக்க, ஐரோப்பியக் கதைகளிலும் கிட்டத்தட்ட அதே விகிதம் வருகிறது. ஜப்பானின் ஒசாமு தெசுகாவை எண்ணும்போதுதான் வரைபடம் மாறுகிறது: மழை, ஓட்டுக் கூரை, காலியான தெரு என்று காலத்தை நிறுத்திவைத்துச் சுற்றிப் பார்க்கும் தாவல்கள் அங்கே கணிசமாக இருக்கின்றன. ஜப்பானியக் கதைகள் வாராந்தரத் தடிமன் இதழ்களில் நூற்றுக்கணக்கான பக்கங்களில் வெளிவருவதால் அவசரமின்றி நிற்க இடம் கிடைக்கிறது என்ற நடைமுறைக் காரணத்தையும் மெக்ளவுட் மறைக்கவில்லை.

வெளியீட்டு முறை தாவலைத் தீர்மானிக்கிறது என்ற இந்தக் கருத்து தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸில் ஜேம்ஸ் பாண்டை வாசித்தவர்கள் அந்தக் கதைகளின் விசித்திரமான மூச்சுவிடும் முறையைக் கவனித்திருப்பார்கள். இரண்டு, மூன்று கட்டங்களுக்கு ஒருமுறை ஒரு சிறு அதிர்ச்சி. உடனே அடுத்த கட்டத்தில், இப்போதுதான் தெரிந்த விஷயத்தை ஒரு பாத்திரம் மீண்டும் ஒருமுறை சொல்லும். காரணம், அவை பிரிட்டிஷ் நாளிதழில் நாளுக்கு ஒரு துண்டாக வந்தவை. ஒவ்வொரு துண்டின் கடைசிக் கட்டமும் மறுநாள்வரை வாசகனை இழுத்துப் பிடிக்க வேண்டும். மறுநாளின் முதல் கட்டம் நேற்றைய கதையை நினைவூட்ட வேண்டும். அந்தத் துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பக்கமாக்கியபோது, ஒரு நாள் முழுவதும் நீண்டிருந்த இடைவெளி ஒரு விரற்கடை வெள்ளையாகச் சுருங்கிப்போயிற்று. இடைவெளிகளில் இப்படி ஒரு வகையும் உண்டு என்பது மெக்ளவுடின் ஆறில் இல்லை.

நான்காம் அத்தியாயம் காலத்தைப் பற்றியது. நூலில் இரண்டாவது சிறந்த அத்தியாயம் இதுவே. ஒரு கட்டம் ஒரு கணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதை, ஒரே நீண்ட கட்டத்தில் உறவினர் கூட்டம் ஒன்றை வரைந்து அவர் உடைக்கிறார். இடது ஓரத்தில் ஒருவர் புகைப்படம் எடுக்கிறார், விளக்கு மின்னுகிறது, அடுத்திருப்பவர் அதற்கு எதிர்வினை காட்டுகிறார், அவருக்கு இன்னொருவர் பதில் சொல்கிறார். கண் வலது ஓரத்தை அடைவதற்குள் பல நொடிகள் கடந்துவிடுகின்றன. பேச்சுக் குமிழ் என்பது உண்மையில் ஒரு கடிகாரம். மொழிபெயர்ப்பில் இந்தக் கடிகாரத்துக்கு என்ன நேர்கிறது என்பதை இங்கே யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் இரண்டே சொற்களுக்காக வரையப்பட்ட சிறு குமிழுக்குள், நீளமான தமிழ்ச் சொற்களை ஒடித்து, எழுத்தைச் சிறிதாக்கி, நான்கு வரியாக அடைக்கும்போது, குத்துவிடும் வேகத்தில் சொல்லப்பட வேண்டிய வசனம் சாவகாசமான உரையாடலாகிவிடுகிறது. எதிரி விழுந்த பிறகும் நாயகன் பேசி முடித்திருக்கமாட்டான். நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் இதை அறிந்தே வசனத்தை ஒன்றிரண்டு சொற்களுக்குக் குறைக்கிறார்கள். அதை மூலத்துக்குத் துரோகம் என்று சண்டை போடும் வாசகர்கள் இந்த அத்தியாயத்தை ஒருமுறை பார்க்கலாம்.

மௌனத்தை நீட்டுவது எப்படி என்று அவர் காட்டும் பயிற்சியும் அருமையானது. ஒருவர் பேசுகிறார், ஓர் அமைதியான கட்டம், மீண்டும் பேசுகிறார். அந்த நடுக்கட்டத்தை இரண்டு மூன்றாகப் பெருக்கினால் மௌனம் நீள்கிறது. பெருக்காமல் கட்டத்தை மட்டும் அகலமாக்கினாலும் நீள்கிறது. உள்ளே இருக்கும் படம் மாறவேயில்லை; சட்டம் மாறியதும் காலம் மாறிவிட்டது.

என் மின்பதிப்பு காலை வாரியது இங்கேதான். நான் வாசித்த செயலியில், பக்கத்தைத் தொட்டால் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாகித் திரையை நிரப்பும் வசதி இருந்தது. சிறிய கட்டமும் பெரிய கட்டமும் குறுகியதும் அகலமானதும் எல்லாம் ஒரே திரையளவுக்கு இழுக்கப்பட்டுவிடுவதால், அகலமான மௌனம் என்ற வாதமே எனக்கு அங்கே தென்படவில்லை. கோடாரிப் பக்கத்திலும் இதே கதைதான்: இரண்டு படங்களும் அருகருகே இல்லை, ஒன்று போன பிறகு இன்னொன்று வந்தது, நடுவே தாண்டுவதற்கு இடைவெளியே இல்லை. காமிக்ஸில் நேற்றும் இன்றும் நாளையும் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன என்று மெக்ளவுட் அழுத்திச் சொல்வது, அது தெரியாமல் போனபோதுதான் எனக்கு உறைத்தது. மறுவாரமே அச்சுப் பிரதிக்கு ஆர்டர் கொடுத்தேன்.

ஆனால் பக்கம் என்பதன் முக்கியத்துவத்தை நூலும் பாதிதான் பார்த்திருக்கிறது என்பதே இதன் மீதான என் முதன்மையான குறை. மெக்ளவுட் எப்போதும் இரண்டு கட்டங்களை எடுத்து அவற்றுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று கேட்கிறார். முழுப் பக்கம் ஒரே படமாக என்ன செய்கிறது என்று கேட்பது அரிது. வின்சர் மெக்கே 1908இல் நாளிதழுக்கு வரைந்த ஒரு ‘லிட்டில் நீமோ’ பக்கத்தில், சிறுவனின் கட்டில் கால் முளைத்து நகரத்துக்குள் நடந்து போகிறது. கால்கள் நீள நீள, பக்கத்தின் கட்டங்களும் உயரமாகிக்கொண்டே போகின்றன. கட்டில் கட்டடங்களைத் தாண்டும் உயரத்தை நாம் உணர்வது ஏதோ ஒரு கட்டத்தைப் பார்த்து அல்ல; பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்து, அந்தச் சட்டங்கள் படிப்படியாக வளர்வதைக் கண்டுதான். இதை ஆறு வகைத் தாவல்களால் விளக்க முயன்றால், எல்லாம் செயலிலிருந்து செயல் என்ற ஒரே வரியோடு முடிந்துவிடும். பெல்ஜியத்தைச் சேர்ந்த தியரி குரூன்ஸ்டீன் 1999இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட ஆய்வு இப்படி முழுப் பக்கத்தைப் பார்ப்பதிலிருந்துதான் தொடங்குகிறது. பக்கத்தின் ஒரு மூலையில் இருக்கும் கட்டம், பல பக்கங்கள் தள்ளி இருக்கும் இன்னொன்றோடும் பேசும் என்பது அவர் வாதம். அது வறண்ட நடையில் எழுதப்பட்ட நூல். மெக்ளவுடை ரசித்தவர்கள் எல்லோரும் அதைத் தாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லமாட்டேன்.

கோடுகளைப் பற்றிய ஐந்தாம் அத்தியாயத்தில், புகையைக் காட்ட வரைந்த நெளிகோடுகள் காலப்போக்கில் நாற்றத்தைக் காட்டும் குறியாக மாறிய வரலாறு சுவையாக இருக்கிறது. சொல்லும் படமும் சேரும் விதங்களை ஏழாகப் பிரிக்கும் ஆறாம் அத்தியாயம் பட்டியல்போல ஓடுகிறது. படத்தில் மணப்பெண் சிரித்துக்கொண்டிருக்க, கீழே “அன்றிரவே அவள் வீட்டை விட்டுப் போய்விட்டாள்” என்று எழுதியிருந்தால், படமும் சொல்லும் தனித்தனியே சொல்லாத ஒன்று இரண்டும் மோதுவதில் பிறக்கிறது. இந்த வகை ஒன்றுக்காகவே அந்த அத்தியாயத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏழாம் அத்தியாயம் கலை என்றால் என்ன என்று கேட்கப் போய், பிழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத எந்த மனிதச் செயலும் கலையே என்று ஒரு குகை மனிதனை ஓடவிட்டுக் காட்டுகிறது. கூலி வாங்கிச் சிலை செதுக்கிய சிற்பிகளின் ஊரிலிருந்து வாசிப்பவருக்கு இந்தப் பிரிவினை விளையாட்டாகவே தோன்றும்.

நிறத்தைப் பற்றிய எட்டாம் அத்தியாயத்தில் மட்டும் பக்கங்கள் வண்ணத்தில் வருகின்றன. அமெரிக்க முகமூடி வீரர்கள் ஏன் சிவப்பும் நீலமும் மஞ்சளும் உடுத்துகிறார்கள் என்பதற்கு மலிவான செய்தித்தாள் காகிதமே காரணம் என்கிறார்: மங்கிய தாளில் எடுத்துக்காட்ட அடர்ந்த அடிப்படை நிறங்கள் தேவைப்பட்டன; அந்த நிறங்களே பிறகு அந்த வீரர்களின் அடையாளமாயின. சிவகாசியில் அச்சாகி வந்த கறுப்பு வெள்ளைக் காமிக்ஸில் வளர்ந்த எனக்கு, அவர் தொடர்ந்து சொல்வது இன்னும் நெருக்கமாக இருந்தது. கறுப்பு வெள்ளையில் கருத்து நேராக வந்து சேர்கிறது, நிறம் வந்ததும் பொருள்களின் உருவமே முன்னே வந்துவிடுகிறது என்கிறார். தமிழில் பளபளப்பான தாளில் முழு வண்ணம் வழக்கமாகிவிட்ட இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், பழைய கதைகளின் விறுவிறுப்பு குறைந்துவிட்டதாகப் புலம்பும் நண்பர்கள் பலர் உண்டு. அது வெறும் மலரும் நினைவு என்று நான் அவர்களைக் கிண்டல் செய்ததுண்டு. இந்த அத்தியாயத்துக்குப் பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நூல் வெளிவந்த காலத்தின் எல்லைகள் பல இடங்களில் தெரிகின்றன. இணையத்தில் மேலிருந்து கீழாக உருட்டி வாசிக்கும் கதைகள் அப்போது இல்லை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்கா, பிரான்ஸ், பெல்ஜியம், ஜப்பான் என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றுகின்றன. பெண் ஓவியர்கள் மிகக் குறைவாகவே வருகிறார்கள். ஆங்கில நடை எளிமையானது. பள்ளி ஆங்கிலம் தெரிந்தவர்கள் அகராதியின்றி வாசித்துவிடலாம். ஒரு சொல் புரியாவிட்டாலும் பக்கத்திலிருக்கும் படம் கைகொடுக்கும்.

அச்சுப் பிரதி வழக்கமான அமெரிக்க காமிக்ஸ் அளவில், கனமில்லாத அட்டையோடு வருகிறது. எனக்கு வந்து சேர்ந்த பிரதியின் கீழ் மூலை மடங்கியிருந்தது. விற்பனையாளரிடம் புகார் சொல்லி மாற்றிக்கொள்ளச் சோம்பல் பட்டு விட்டுவிட்டேன். முதுகு பசையால் ஒட்டப்பட்டது என்பதால் முழுவதுமாக விரித்து அழுத்த வேண்டாம். மின்பதிப்புதான் வசதி என்பவர்கள், குறைந்தது 10 அங்குலத் திரையில், கட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை அணைத்துவிட்டு, முழுப் பக்கமாக வாசியுங்கள். தொடக்கத்திலேயே இலக்கணச் சண்டையில் அலுத்துப்போகக்கூடியவர்கள் மூன்றாம் அத்தியாயத்தை முதலில் வாசித்துவிட்டு முதலுக்குத் திரும்பலாம். கோடாரிப் பக்கம் வரும்போது வீட்டில் ஒரு குழந்தை இருந்தால், நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்பதைச் சொல்வதற்கு முன்னால் அதனிடம் கேட்டுவிடுங்கள்.